ப்ளஸ் ஒன் படிக்கும்போதே கல்லூரிப் பாடம்: பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் மாநகராட்சிப் பள்ளியில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான். பத்தாம் வகுப்பில் 456 எடுத்தாள். இப்போது காலாண்டில் கணிதத்தில் 61தான். அவளுடைய டியூஷன் சென்டருக்கு ஒரு நிறுவனத்தார் வந்து, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கலாம், கிரெடிட் கிடைக்கும், பின்னால் டிகிரியில் ஒரு வருஷம் மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு, பத்து மாதம், 22,000 ரூபாய். இந்தச் சனிக்கிழமைக்குள் 5,000 முன்பணம் கட்டினால்தான் இடமாம். எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்காவின் பேரன் அமெரிக்காவில் பதினோராம் வகுப்பிலேயே கல்லூரியில் இரண்டு பாடம் முடித்துவிட்டானாம், அதையும் சொல்லி இவள் பிடிவாதம் பிடிக்கிறாள். நான் எட்டாவது வரை படித்தவள், வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். அவள் அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். பணம் கட்டலாமா? கட்டினால் அவள் ஒழுங்காகப் படிக்கிறாளா என்று நான் எப்படிப் பார்ப்பது?
— ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்:

அம்மா, பணம் கட்டாதீர்கள். சனிக்கிழமை தாண்டினால் ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் மகளின் ஆசையை மட்டும் அந்தப் பணத்தோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஆசை நல்ல ஆசை. அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ஒரு வருஷம் மிச்சம்’ கணக்கைப் பார்ப்போம். தேசிய கிரெடிட் கட்டமைப்பு என்று ஒன்று 2023இல் வந்தது. கிரெடிட் என்பது படித்து முடித்த பாடத்துக்குக் கணக்கில் ஏறும் புள்ளி. அந்தக் கட்டமைப்பின்படி ஓராண்டுப் படிப்புக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேர உழைப்பு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். இவர்கள் சொல்வது வாரத்துக்கு நான்கு மணி நேரம், பத்து மாதம். ஒரு வாரமும் விடாமல் நடத்தினாலும் 170 மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். ஐந்தாறு கிரெடிட்டுக்கு உரிய நேரம் அது. நாற்பதுக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளியை எதை வைத்து நிரப்புவார்கள்? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இப்போது பேசும் விரைவுப் பட்டம், அதாவது சீக்கிரம் முடிக்கும் பட்டம்கூட, பிள்ளை கல்லூரியில் சேர்ந்து முதல் ஒன்றிரண்டு செமஸ்டர் படித்துக் காட்டிய பிறகு அந்தக் கல்லூரி முடிவு செய்வது. பள்ளிக் காலத்தில் யாரோ கொடுத்த சான்றிதழைக் காட்டிப் பெறக்கூடியது இல்லை.

நேரில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இந்தக் கிரெடிட் பதிவாகும்? எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பில் அதை ஏற்கும் என்று எழுதித் தருவீர்களா? பிள்ளை பாதியில் விட்டால் பணம் திரும்புமா? பதிலை வாயால் சொல்ல விடாதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 22,000 ரூபாய்க்கு எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்கப் பேரன் கதை பொய் இல்லை. அங்கே அப்படி ஒரு முறை இருக்கிறது. மினசோட்டா மாநிலம் 1985இலேயே அதற்குச் சட்டம் போட்டது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளை பக்கத்தில் உள்ள கல்லூரியில் ஒன்றிரண்டு பாடம் எடுத்துப் படிக்கும். அதே பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். பல மாநிலங்களில் இதற்குப் பெற்றோர் பணம் கட்டுவதில்லை, அல்லது குறைவாகக் கட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவது இந்தப் பாதிதான்.

மறுபாதி இது. அந்தப் பிள்ளை அங்கே வாங்கும் மதிப்பெண் அவன் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். பதினாறு வயதில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டால், இருபது வயதில் விண்ணப்பம் போடும்போதும் அது கூடவே வரும். நடுவில் விட்டால் விட்டான் என்பதும் பதிவாகும். வேறு மாநிலத்துக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போனால் அந்தக் கிரெடிட்டை ஏற்பார்களா என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். இதனால்தான் அங்கே பாடம் எடுக்கும் முன் பள்ளியில் உள்ள ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தப் பாடம் உனக்கு எதற்கு, பள்ளிப் பாடம் தாங்குமா, நீ சேர நினைக்கும் கல்லூரி இதை ஏற்குமா என்று கேட்டு ஒருவர் ஒப்புதல் தருவார். அந்தப் பேரன் முடித்த இரண்டு பாடத்துக்குப் பின்னாலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். உங்கள் மகளுக்கு விற்க வந்தவர்களிடம் அந்த ஆள் இல்லை. வகுப்பு இருக்கிறது, ரசீது இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வடசென்னையில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுக்கு மேல் கணிதம் நடத்தினேன். இப்போது மேற்படிப்பு ஆலோசனைதான் என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான், ப்ளஸ் ஒன். கெட்டிக்காரன். இணையத்தில் பன்னிரண்டு வாரக் கல்லூரிப் பாடம் ஒன்றில் சேரலாமா என்று கேட்டான். தாராளமாகச் சேர் என்று முதுகில் தட்டி அனுப்பினேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து வந்தான், கையில் ஒரு நீள நோட்டு. திறந்து பார்த்தேன். முதல் நான்கு வாரம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. தலைப்பு கறுப்பு மையில், கணக்கு நீல மையில், தவறு செய்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம். ஐந்தாவது வாரம், பக்கத்தின் மேலே தேதி மட்டும் இருந்தது. அதற்கு அப்புறம் நோட்டு முழுக்க வெள்ளை.

என்ன ஆச்சு என்றேன். ஐந்தாவது வாரத்தில் ஓர் இடம் புரியவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று நினைப்பாரோ என்று பயம். வீட்டில் அம்மா கேட்கும்போதெல்லாம் ‘நல்லாப் போகுதும்மா’ என்று சொல்லிவிட்டு போனில் வீடியோவை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த மூன்று மாதத்தில் பள்ளிக் கணிதமும் கை நழுவியிருந்தது. அவன் மீது ஒரு தப்பும் இல்லை. இரண்டு பக்கமும் படித்த பிள்ளையை ஒரு பக்கமும் யாரும் பார்க்கவில்லை. வாராவாரம் ஒருமுறை அந்த நோட்டைக் கொண்டுவா என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் அப்படி அனுப்பியதில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். இப்போது அவசரமான விஷயம் அந்த 61. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பக்கம் போகும் ஆசை இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கு. கணிதம் நூறும் அப்படியே நூறாக வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதாக வரும். எல்லாமே ப்ளஸ் டூ மதிப்பெண். அதில் எந்த ஆன்லைன் சான்றிதழுக்கும் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. ப்ளஸ் டூவில் கணிதம் 61ஆகவே நின்றால் என்ன, 91ஆக ஏறினால் என்ன என்று பாருங்கள். முப்பது கட்-ஆஃப். அந்த முப்பதை எந்த நிறுவனமும் விற்க முடியாது.

2025-26இலிருந்து ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆன பிறகு, பல வீடுகளில் இந்த ஒரு வருஷம் சும்மா இருக்கும் வருஷம் என்ற நினைப்பு வந்துவிட்டது. இப்படி வந்து விற்பவர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கணிதத்தில் அந்த நினைப்பு காலை வாரிவிடும். ப்ளஸ் டூ கணிதப் புத்தகத்தின் முதல் பாடமே ‘அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்’. அணியும் அணிக்கோவையும் என்ன என்று சொல்லித்தருவது ப்ளஸ் ஒன் புத்தகம். வெக்டர், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் எல்லாமே அப்படித்தான், இந்த வருஷம் அடிப்படை, அடுத்த வருஷம் பயன்பாடு. இங்கே விட்டதை அங்கே யாரும் திரும்ப நடத்த மாட்டார்கள், நேரம் இருக்காது.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும். அதன் வழியாக இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைத்ததே நம் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். இவ்வளவும் அவளுக்காகக் காத்திருக்கிறது. அதை வாங்கித் தரப்போவது ப்ளஸ் டூ மதிப்பெண். நடுவில் பள்ளியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘கோச்சிங்கோடு சேர்ந்த தனியார் பள்ளி, சலுகைக் கட்டணம்’ என்று யாராவது வந்தால் அந்த 7.5 போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது அவள் ஆசைக்கு வழி. என்பிடெல் என்று ஒன்று இருக்கிறது. ஐஐடிக்களும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. அங்குள்ள பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வயதும் தடையில்லை, பைசா கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு வாராந்திர அசைன்மென்ட், முக்கால் பங்கு அந்தத் தேர்வு. பழைய பாடங்களின் வீடியோ எப்போதும் திறந்தே கிடக்கும்.

என் யோசனை, இந்த வருஷம் தேர்வு, சான்றிதழ் எதுவும் வேண்டாம். என்பிடெல் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ஜனவரியில் தொடங்கினால் மார்ச் முழுஆண்டுத் தேர்வின்மீது போய் முட்டும். ஜூலையில் தொடங்கினால் ப்ளஸ் டூ காலாண்டின்மீது முட்டும். நடுவில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய ஒரு சந்து இருக்கிறது, அதுதான் அவளுக்கு உரிய நேரம். அப்போது ‘தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’ என்ற பாடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் கோடிங் தெரியாதவர்களுக்காக நடத்தியது. பன்னிரண்டு வாரப் பாடம், முழுக்க முடிக்க வேண்டாம், நான்கு வாரத்துப் பகுதி போதும். அவளுடைய ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் இருப்பது சி++ என்ற கோடிங் மொழி. அடுத்த ஆண்டு வரப்போவது பைத்தான். ஆசைக்குப் படித்தது அப்படியே பள்ளிப் பாடத்துக்கும் கைகொடுக்கும். ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், முதல் இரண்டு நாள் சிரமமாக இருக்கும். வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் நாளைக்குக் கல்லூரி வகுப்பில் உட்காரும்போது உதவும்.

ஐஐடி மெட்ராஸ் நடத்தும் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பற்றியும் அவள் கேள்விப்பட்டிருக்கக்கூடும், இல்லாவிட்டால் சீக்கிரம் கேள்விப்படுவாள். 2020இல் தொடங்கியது. பாடம் இணையத்தில், தேர்வு நேரில். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரம் பாடம் படித்து, அசைன்மென்ட் செய்து, ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ் ஒன் முழுஆண்டுத் தேர்வு எழுதிய பிள்ளைகளும் அந்தத் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், தேறினால் ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சேரலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்து கட்டணத்தில் 75 சதவீதம் வரை குறைக்கிறார்கள். உண்மையான படிப்பு, உண்மையான பட்டம். ஆனாலும் ப்ளஸ் டூ வருஷத்தில் அதற்காக ஓட வேண்டாம் என்றே சொல்வேன். ப்ளஸ் டூ முடித்த பிறகும் அந்த வாசல் திறந்துதான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022இல் அனுமதித்துவிட்டது. இன்ஜினியரிங் சேர்ந்து ஒரு செமஸ்டர் போகட்டும், அவளுக்குத் தெம்பு இருந்தால் அதையும் பார்க்கட்டும்.

கடைசியாக நீங்கள் கேட்டது. எட்டாவது வரை படித்த நான் எப்படிப் பார்ப்பது என்று. அந்த வியாசர்பாடிப் பையனுக்குத் தேவைப்பட்டது பாடம் தெரிந்த ஆள் இல்லை அம்மா, நோட்டைத் திறந்து பார்க்கும் ஓர் ஆள். அதற்கு எட்டாவதே அதிகம்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். வீடியோ பார்ப்பது அளவு எடுக்கிற மாதிரி. பேப்பரில் தானே கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் துணியை வெட்டித் தைப்பது. அளவு எழுதி வைத்துவிட்டு ‘பிளவுஸ் ரெடி’ என்று ஒரு பெண் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? எங்கே, எடுத்துக் காட்டு என்பீர்கள். மகளிடமும் அதையே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மெஷினை மூடி வைத்த பிறகு, பத்து நிமிஷம். இந்த வாரம் போட்ட பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ளது உங்களுக்குப் புரிய வேண்டாம், எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது, எங்கே நின்றுபோயிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அப்புறம் ‘எந்த இடத்தில் மாட்டிக்கிட்டே?’ என்று கேளுங்கள். எல்லாம் புரிந்தது என்று இரண்டு ஞாயிறு தொடர்ந்து சொன்னால் அங்கேதான் கவனிக்க வேண்டும். கணிதத்தில் மாட்டாத ஆளே கிடையாது, நான் இன்றும் மாட்டுகிறேன். மாட்டிய இடத்தைச் சொல்லிவிட்டால், ‘திங்கட்கிழமை யாரிடம் கேட்பாய்?’ என்று அடுத்த கேள்வி. ஓர் ஆசிரியர் பேரைச் சொல்ல வேண்டும். திங்கள் இரவு, கேட்டாயா என்று மட்டும் ஒரு வார்த்தை.

திட்ட வேண்டாம். 61க்காக இதுவரை திட்டியிருந்தால் அதை அத்தோடு விட்டுவிடுங்கள். பத்தாவதில் நன்றாக எடுத்த பல பிள்ளைகளுக்கு ப்ளஸ் ஒன் காலாண்டில் இப்படி இறங்கும், பாடம் ஒரே தாவாகத் தாவுகிறது. திட்டு வாங்குகிற பிள்ளை நோட்டை மறைக்கும், உங்களுக்கு அந்த நோட்டு தெரிய வேண்டும்.

கல்லூரியில் இருந்தவன் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். கல்லூரியில் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் அம்மாவுக்கு யாரும் போன் செய்வதில்லை. புரியவில்லை என்றால் பிள்ளைதான் எழுந்து வந்து கேட்க வேண்டும். இருபது ஆண்டில் நான் பார்த்த நல்ல மாணவர்களில் பலர் முதல் செமஸ்டரில் தடுக்கி விழுந்தது பாடம் கடினம் என்பதால் இல்லை, கேட்கக் கூச்சப்பட்டதால். உங்கள் மகள் இந்த ஒன்றரை வருஷத்தில் ஆசிரியர் அறை வாசலில் நின்று ‘சார், இந்த இடம் புரியல’ என்று சொல்லப் பழகிக்கொண்டால், கல்லூரிப் படிப்பில் பாதியை இப்போதே படித்த மாதிரி.

அவளிடம் நேராகப் பேசுங்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஏப்ரலில் என்று சொல்லுங்கள். வீட்டு காலண்டரில் அந்தத் தேதியை அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள். அதுவரை ஞாயிறுதோறும் ப்ளஸ் ஒன் கணித நோட்டு. அரையாண்டில் மதிப்பெண் எவ்வளவு ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி, ஏப்ரலில் அந்தப் பைத்தான் பாடம் அவளுக்கு உண்டு. அதைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்க வேண்டாம்.

ஏற்கெனவே 5,000 கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கட்டவில்லை என்றால் இந்த ஞாயிறே தொடங்கிவிடுங்கள். முதல் நாள் காலாண்டு விடைத்தாளை எடுத்துவரச் சொல்லி, மதிப்பெண் போன இடங்களை அவளையே பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தில் வட்டம் அதிகமோ, அந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.